இடக்கைக்கு ஒரு புதுப்பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் சமயச் சொற்பொழிவு ஒன்று செய்யும்படியே முதலில் எம்மைக் கேட்டார்கள். சமயம் பேசுதற்கு எம்மிலும் கற்றோர் இவ்வவையிற் பலர் இருக்கின்றனர். ஆகவே, நாற்பது ஆண்டுகளாக நாம் கையாற் செய்துவந்த பணியொன்றைப் பற்றியே பேச இசைந்தோம். அது சங்கத்தின் வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கும் பணி. ஈராண்டுக்கு முன் அப்பணியில் ஒரு மாற்றம் வந்தது. அதைப் பற்றிப் பெரியவர்கள் பலர் எம்மிடம் நேரிலும் கேட்டிருக்கின்றார்கள். எமக்குப் பின்னாலும் கேட்டிருக்கின்றார்கள். இரண்டுக்கும் சேர்த்து இன்று மறுமொழி கூறிவிடலாம் என்று எண்ணுகின்றோம்.

எங்கள் கை ஆர்மோனியத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் துருத்தி பலமுறை ஒட்டுப் போடப்பட்டது. மாரிக் காலத்தில் ஈரம் ஏறினால் நாக்குகள் இரண்டொன்று ஒலிக்க மறுக்கும். வெயில் வந்ததும் தாமாகவே பேசத் தொடங்கும். வெளிநாட்டிற் குடியேறிய பழைய உறுப்பினர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது அதன் முனகலைக் கேட்டார். திரும்பிச் சென்ற சில மாதங்களில் ஒரு டிஜிட்டல் அக்கோடியனை அனுப்பிவைத்தார். பெட்டி திறந்த அன்று இளைஞர்களுக்கு உண்டான களிப்பு பெரிது. பெரியவர்களின் முகத்தில் அத்துணைக் களிப்பைக் கண்டிலோம். “இது பள்ளிக்கூட பாண்டுக்காரரின் பெட்டியல்லவா?” என்றார் ஒருவர். “சினிமாப் பாட்டுக்கு வாசிப்பது” என்றார் மற்றொருவர்.

இருவர் கூற்றும் பொய்யன்று. விசுவநாதன் - இராமமூர்த்தி இசையமைத்த படப்பாடல்களில் மங்களமூர்த்தி வாசித்த அக்கோடியனை இலங்கை வானொலியிற் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாமும். ஆயினும், வெளிநாட்டுப் பெட்டி என்பதே குற்றமாயின் ஆர்மோனியமும் அக்குற்றத்தினின்று தப்பாது. 1829இல் வியன்னா நகரத்தில் சிறில் தேமியன் என்பவர் அக்கோடியனுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆர்மோனியத்துக்கு 1842இல் பாரிசு நகரத்தில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் பெற்றார். ஆக, எங்கள் ஆர்மோனியம் அக்கோடியனுக்குப் பதின்மூன்று வயது இளைய தம்பி. அத்தம்பியைப் பிற்காலத்திற் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் தரையில் வைத்து ஒரு கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக மாற்றியமைத்தார். அதன் பின்னரே அது பஜனை மடங்களுக்கும் இசை நாடகக் கொட்டகைகளுக்கும் உரியதாயிற்று.

அதனையும் எல்லாரும் வரவேற்றார் அல்லர். அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1ஆம் திகதி முதல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. 1971இலேயே அத்தடை தளர்ந்தது. கட்டை கட்டையாக நிற்கும் ஒலி கமகத்தைத் தாங்காது என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. அது நியாயமான காரணம். பின்னர் அதற்கு வருவோம். நாவலர் பெருமான் 1849இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தபோது, அந்த இயந்திரம் எந்நாட்டார் செய்தது என்று பார்த்தாரல்லர். அதில் என்ன அச்சிடுவது என்றே பார்த்தார். நல்லூரில் இருந்துகொண்டு இதற்கு மேலும் நாம் வாதாட வேண்டியதில்லை.

நிற்க. எமக்கு வந்த இடர் வேறு. அஃது எமது இடக்கையில் வந்தது.

ஆர்மோனியக்காரனின் இடக்கை ஒரு கூலியாள். அது துருத்தியை அசைக்கும், வேறொன்றும் அறியாது. சுருதி வேண்டுமானால் முன்புறத்துக் குமிழை இழுத்துவிட்டால் போதும். வலக்கையே பாடும். அக்கோடியனிலோ துருத்தியை இழுத்து மூடுவதும் இடக்கை. அவ்வாறு இழுத்துக்கொண்டே பொத்தான்களை அழுத்துவதும் அதே கை. பெருவிரல் வெளியே நிற்க, மற்றை நான்கு விரல்களும் தோல்வாரின் உள்ளே நுழைந்து வேலை செய்தல் வேண்டும். பொத்தான்கள் வெளிப்பக்கம் பார்த்து இருப்பதால் வாசிப்பவன் கண்ணுக்கு அவை ஒருபோதும் தென்படா. வலக்கை ஒரு மாதத்திற் பழகிவிட்டது. அங்கே இருப்பவை நாமறிந்த கறுப்பு வெள்ளைக் கட்டைகளே, நிமிர்ந்து நிற்பது ஒன்றே புதிது. இடக்கைக்கு ஓராண்டு சென்றது.

எங்கள் கருவியில் இடப்பக்கம் 120 பொத்தான்கள். ஆறு நிரல், நிரலுக்கு இருபது. துருத்தியை அடுத்த முதல் இரண்டு நிரல்களிலும் தனித்த மந்தர ஒலிகள். மற்றை நான்கிலும் ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று ஒலிகள் கூடி எழும். மேல்நாட்டார் சங்கீதத்துக்கு வேண்டிய கூட்டொலிகள் அவை. இத்தாலி நாட்டு ஸ்த்ரதெல்லா என்னும் ஊரின் பெயரால் இதனை ஸ்த்ரதெல்லா அடுக்கு என்பர். அவ்வூரில் 1876இல் மரியானோ தலாப்பே என்பவர் அக்கோடியன் செய்யும் பட்டறை தொடங்கினார்.

முதல் நாள் இரண்டாம் நிரலிற் கைவைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தோம். ஆர்மோனியத்தைப் போல ச ரி க ம என்று வரும் என்பது எம் எண்ணம். வந்ததோ தாவித் தாவி வந்தது. இதனைச் செய்தவனுக்குச் சங்கீதம் தெரியாது போலும் என்று எண்ணிப் பெட்டியை மூடிவைத்தோம். இரண்டு மூன்று நாட் சென்றபின், இரவிலே படுத்திருக்கும்போது காதுக்குள் அவ்வொலிகள் திரும்ப வந்தன. எழுந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினோம். ம, ச, ப, ரி, த, க, நி. ஏழு சுரமும் இருக்கின்றன. சங்கராபரணத்தின் ஏழும் ஒரே நேர்கோட்டில், பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்களில் நிற்கின்றன. சட்சத்துக்கு மேலே அதன் பஞ்சமம்; பஞ்சமத்துக்கு மேலே அதன் பஞ்சமமாகிய ரிஷபம்; இப்படியே நிஷாதம் வரையில். சட்சத்துக்குக் கீழே மத்திமம்.

பழந்தமிழ் இசைநூலார் நான்காம் நரம்பை நட்பு என்றும், ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும் பெயரிட்டு வழங்கினர். சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே இத்தகைய முறைகளை விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். அந்த நூலை நாம் இளமையிற் படிக்க முயன்று பாதியில் வைத்ததுண்டு. இப்போது இடக்கை விரலின் மேலே கிளையும் கீழே நட்பும் இருக்கக் கண்டபின், அந்தப் பக்கங்களைத் திரும்ப எடுத்துப் படித்தோம். இம்முறை ஓரளவு விளங்கிற்று.

இவ்வடுக்கினால் எமக்குக் கிடைத்த பெரும் நயம் ஒன்றுண்டு. ஒற்றைக் கட்டைச் சுருதிக்குரிய பொத்தான் குழிவாக இருக்கும். இருட்டிலும் விரல் அதைக் கண்டுகொள்ளும். அதற்கு நான்கு மேலே மூன்று கட்டைக்கும், நான்கு கீழே ஐந்தரைக் கட்டைக்கும் அடையாளம் உண்டு. எங்கள் பஜனையில் ஆண்கள் ஒரு கட்டையிற் பாடுவர். முதற்குரல் கொடுக்கும் மாணவி ஐந்து கட்டையிற் பாடுவாள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்குச் சென்றால் விரல் வைக்கும் முறையே மாறிவிடும். இங்கோ குழிப் பொத்தானுக்கு அடுத்த மேற்பொத்தானே ஐந்து கட்டை. கையை ஒரு பொத்தான் அளவு உயர்த்தினால் போதும். ச எங்கே, ப எங்கே, ம எங்கே என்ற வடிவம் அப்படியே இருக்கும். கருவியிற் சுருதியை மாற்றித் தரும் விசையும் உண்டு. அதை நாம் தொடுவதில்லை. விரல் ஒரு கட்டையில் இருக்கக் காது ஐந்து கட்டையைக் கேட்டால் எமக்குத் தலை சுற்றுகின்றது. இளைஞர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையாம்.

இனி, கூட்டொலிப் பொத்தான்கள். இவைதாம் எங்கள் சங்கத்தில் வழக்கை உண்டாக்கியவை. இளைஞர்கள் அவற்றை அழுத்தியதும் மண்டபம் நிறைந்தது. ஒரு விரல் வைத்தால் மூன்று பேர் பாடுவதுபோல் எழும் ஒலியை யார்தாம் விரும்பார்? பழம்பஞ்சுரப் பண்ணில் ஒரு பதிகத்தை அவற்றோடு பாடினார்கள். நன்றாகவே இருந்தது. அப்பண்ணை இக்காலத்திற் சங்கராபரணத்திற் பாடுவதால், மூன்றாம் நிரலின் ச, அந்தர காந்தாரம், ப என்ற கூட்டு அதனோடு பொருந்திற்று. அடுத்த வெள்ளியன்று கௌசிகப் பண். அது பைரவி. பையன் அதே நிரலை அழுத்தினான். அந்த மாணவி சாதாரண காந்தாரத்தை அசைத்துப் பாடுகின்றாள். பெட்டி அந்தர காந்தாரத்தில் அசையாமல் நிற்கின்றது. இரண்டு அடி பாடினாள். மூன்றாம் அடியில் அவள் குரல் பெட்டியோடு போய்விட்டது. பாடி முடித்தபின், “நான் பிழையாகப் பாடினேனோ?” என்று எம்மிடம் வந்து கேட்டாள். அவள் பிழைவிடவில்லை. பிழை விட்டது பொத்தான். ஆனால் அவள் தன்னையல்லவா ஐயுற்றாள்!

நான்காம் நிரலில் சாதாரண காந்தாரம் இருக்கின்றதே, அதை அழுத்தினால் என்ன என்று இளைஞர்கள் கேட்டனர். கேட்கத்தக்க கேள்விதான். அழுத்திப் பார்த்தோம். மோதல் குறைந்தது; ஆயினும் பைரவியின் காந்தாரம் ஓரிடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்பதன்று. பின்னர், சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரிற் பாடிய செந்துருத்திப் பதிகத்தை எடுத்தோம். செந்துருத்தியை மத்தியமாவதியிற் பாடுவர். மத்தியமாவதியிற் காந்தாரமே இல்லை. அந்நான்கு நிரல்களில் எதனை அழுத்தினாலும் ஏதோ ஒரு காந்தாரம் வந்தே தீரும். நாயனார் பாட்டிற் காந்தாரம் இல்லை. நூற்றிருபது பொத்தானில் எண்பது பொத்தான் காந்தாரத்தோடு நிற்கின்றது. இதைக் கண்டபின் வழக்கு ஒருவாறு ஓய்ந்தது.

இன்னுமொன்று. சுருதிப் பெட்டியில் நாம் கேட்டுப் பழகிய தூய அந்தர காந்தாரத்தைவிட இக்கருவியின் காந்தாரம் சற்றுக் கூடி நிற்கும். ஓர் அரைச்சுர இடைவெளியை நூறு கூறாக்கினால் ஏறக்குறையப் பதினான்கு கூறு மிகை. பஞ்சமமோ இரண்டு கூறளவே குறையும். காது அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே பதிகங்களுக்கு முதல் இரண்டு நிரல்களில் ச, ப என்ற இரண்டையும், பண் இடங்கொடுக்கும்போது மத்திமத்தையும் மட்டும் மெல்லப் பிடிப்பது என்று முடிவு செய்தோம். புதிய பாடல்களுக்கும் நாமாவளிகளுக்கும் இளைஞர்கள் தம் விருப்பப்படி கூட்டொலி சேர்க்கலாம். கோயிலின் உள்ளே ஓதுவார் பாடும் இடத்துக்கு இப்பெட்டி போகாது. அதை நாம் கேட்கவும் இல்லை.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எமக்குச் சிறிது கூச்சமே. ஆயினும் அவையில் அன்று உடன் வந்தோர் பலர் இருப்பதால் மறைத்துப் பயனில்லை.

சென்ற மார்கழித் திருவெம்பாவைக் காலம். வழக்கம்போல அதிகாலை நான்கு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதியிற் புறப்பட்டோம். முன்னெல்லாம் ஆர்மோனியத்தை இருவர் தூக்க, ஒருவர் வாசித்து வருவதுண்டு. அது பெரும் பாடு. அக்கோடியனோ தோளில் மாட்டுவது. மின்கலத்தில் இயங்குவது. பொத்தான்களைப் பட்டப்பகலிலும் காணமுடியாதாகையால் இருட்டு அதற்கு ஒரு பொருட்டன்று. மந்திரிமனையைக் கடந்து சென்றுகொண்டிருந்தோம். மாணவி பாட்டை எடுத்தாள். நாம் குழிப் பொத்தானைத் தடவி, அதற்கு மேலே ஐந்து கட்டையை அழுத்தினோம். வேறு ஏதோ ஒலித்தது. கை தவறியது என்று எண்ணி மேலே பஞ்சமத்தைத் தேடினோம். அதுவும் பஞ்சமம் அன்று. இன்னும் தேடினோம், இன்னும் கெட்டது. மாணவி நின்றுவிட்டாள். சேமக்கலம் நின்றது. வாசலில் விளக்கோடு நின்ற வீட்டார் எம்மைப் பார்த்தபடி நின்றனர்.

நடந்தது இது. டிஜிட்டல் அக்கோடியனிற் பொத்தான் ஒன்று. அதன் பின்னால் இருக்கும் ஒலி வேறொன்று. ஒரு விசையால் முழு அடுக்கையுமே மாற்றிவிடலாம். ஸ்த்ரதெல்லா அடுக்கிற்குப் பதிலாக, கூட்டொலி இன்றி ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு தனியொலியே தரும் அடுக்குகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றில், நிரலில் அடுத்தடுத்த பொத்தான்கள் மூன்று அரைச்சுரம் தள்ளி நிற்கும். அதாவது, ச இருக்கும் இடத்துக்கு அடுத்து ப இராது. முதல் நாள் இரவு எங்கள் இளைஞன் ஒருவன் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவ்வடுக்கைப் பழகியிருந்தான். பழகிவிட்டுத் திருப்பி வையாமலே பெட்டியை மூடிவிட்டான்.

நடு வீதியில் அவனை நாம் வைதோம். பெரியவர்கள் முன்னிலையில், அவன் தங்கை வயதுப் பிள்ளைகள் முன்னிலையில் வைதோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அன்று மிச்சத் தூரமும் சேமக்கலத்தோடு மட்டும் நடந்தோம். மறுநாள் அவன் வரவில்லை. தைப்பொங்கல் வந்தது; வரவில்லை. மகா சிவராத்திரிக்கும் வரவில்லை.

வாசிக்கப் புறப்படுமுன் கருவியை ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வாசிப்பவனின் கடமை. ஆர்மோனியத்தை நாற்பது ஆண்டு அப்படித்தான் செய்தோம். இப்பெட்டியில் நாக்கு இல்லை, ஈரம் ஏறாது, கெடாது என்று நம்பி அதைச் செய்யாமல் விட்டோம். குற்றம் எம்முடையது. இதை உணர்ந்துகொள்ள எமக்கு இரண்டு மாதம் வேண்டியிருந்தது. இன்னும் விரைவாக உணர்ந்திருக்கலாம்.

ஒருநாள் மாலை அவன் வீட்டுக்குச் சென்றோம். தாயார் தேநீர் தந்தார். பிழை எம்முடையது என்று சொன்னோம். அவன் நெடுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டுக் கேட்டான்: “மாஸ்ரர், உங்கட கைக்குப் பழகின இடத்திலைதான் எல்லாரும் கை வைக்கோணுமோ?”

அதற்கு அப்போது எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஸ்த்ரதெல்லா அடுக்கில் மந்தர ஒலிகளுக்கு ஸ்தாயி வேறுபாடு இல்லை. ச முதல் நி வரை ஏறியபின் மேற் ச வைத் தேடினால் பழைய ச வுக்கே திரும்ப வேண்டும். இடக்கையால் ஓர் ஆலாபனைச் சாயலைக்கூட அதில் வாசிக்க இயலாது. அவன் பழகிய அடுக்கிலே மூன்று ஸ்தாயியிலும் இடக்கை தனித்துப் பாடலாம். உருசிய நாட்டார் தம் பயான் என்னும் பொத்தான் அக்கோடியனில் இத்தகைய அடுக்கைக் கொண்டே பெரிய சாகித்தியங்களை வாசிக்கின்றனர். அவன் கை இளங்கை. எதையும் முதலிற் கற்கும் கை. எம் கையோ ஒன்றைக் கற்கவே ஓராண்டு எடுத்த கை.

இருவரும் அன்று பேசி ஓர் ஒழுங்கு செய்தோம். கருவியில் அமைப்புக்களைச் சேமித்து வைக்கும் இலக்கங்கள் உண்டு. முதலாம் இலக்கம் சங்கத்துக்குரியது. ஸ்த்ரதெல்லா அடுக்கு, சுருதி மாற்றம் எதுவுமின்றி. அதை யாரும் திருத்தல் ஆகாது. இரண்டாம் இலக்கம் அவனுக்குரியது. வேறு யாரேனும் பழக வந்தால் மூன்றாம் இலக்கம் முதலாகக் கொள்ளலாம். பெட்டியை மூடுமுன் முதலாம் இலக்கத்துக்கு மாற்றிவிடுதல் வேண்டும். திறந்தவுடன் ச, ப அழுத்திப் பார்த்தல் வேண்டும். இதை அவனே ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியின் உட்புறம் ஒட்டினான். கீழே எம்மையும் கையொப்பம் இடச் செய்தான்.

அதன்பின் அவன் செய்த உதவிகள் பல. எமது விரல் குழிப் பொத்தானை விட்டு நழுவுவதைக் கண்டு, இடக்கைத் தோல்வாரை இறுக்கித் தந்தான். அந்தச் சிறு உருளை எதற்கென்று நாம் ஓராண்டாக அறியோம். பாட்டை விட்டுவிட்டு ச, ப, ச, ம என்று நடந்துகொண்டே அழுத்திப் பழகும்படி சொன்னவனும் அவனே. பின்வளவில் மாமர நிழலில் இருவரும் சுற்றிச் சுற்றி நடந்தோம். பார்த்தவர்கள் என்ன எண்ணினார்களோ, அறியோம். அவனும் எம் பக்கத்தில் அமர்ந்து கௌசிகமும் செந்துருத்தியும் பாடிப் பழகினான். எங்கே பொத்தானை விட்டுவிட வேண்டும் என்பது அவன் காதுக்கு இப்போது தெரியும். தன் இரண்டாம் இலக்கத்தை அவன் கைவிடவில்லை. சில இரவுகளில் ஹெட்போனைக் கழற்றி எமக்கும் கேட்கத் தருவான்.

பழைய ஆர்மோனியத்தை விற்றுவிட்டோமா என்று சிலர் கேட்டனர். இல்லை. துருத்தி மாற்றி, நாக்குகளைத் துடைத்து வைத்திருக்கின்றோம். மின்சாரம் போன வெள்ளிக்கிழமை ஒன்றில், மின்கலமும் ஏற்றியிராதபடியால், அதுவே எம்மைக் காப்பாற்றியது.

மார்கழி வருகின்றது. எங்கள் அக்கோடியன் ஏறக்குறையப் பத்துக் கிலோ நிறை. எமது தோளுக்கு அது இனிப் பாரம். இவ்வாண்டு திருவெம்பாவைக்கு அதை மாட்டிக்கொண்டு முன்னே செல்பவன் அவனே. நாம் சேமக்கலத்தோடு பின்னே வருவோம். அதிகாலை நான்கு மணிக்குச் சட்டநாதர் கோயிலடியிற் கூடுகின்றோம். குளிருக்குப் போர்வை கொண்டு வாருங்கள்.